முடுக்குக்குள் நின்ற வண்டி

எங்கள் வீட்டிலிருந்து தார் ரோட்டுக்குப் போக ஒரு முடுக்குதான் வழி. மினி லாரி அதில் நுழைந்தால் இரண்டு பக்கமும் நான்கு விரல் இடம் மிஞ்சும். வலது பக்கம் அடுத்த வீட்டு அக்காவின் கருங்கல் மதில். இடது பக்கம் பழைய ரப்பர் ஷீட் குடோனின் பின்சுவர். பக்கக் கண்ணாடிகளை உள்ளே மடக்கிக்கொண்டு முதல் கியரில் மெதுவாக ஏற வேண்டும். அந்த எண்பது அடிக்குள் வண்டியின் கதவைத் திறக்க முடியாது. திறக்க வேண்டிய தேவை வரும் என்று நாங்கள் யாரும் நினைத்ததும் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலையில், வண்டி நிறைய சிமென்ட் கல்லோடு அந்த முடுக்கின் நடுவில் எஞ்சின் அணைந்துபோனபோது ஸ்டீயரிங்கில் நான் இருந்தேன். குற்றம் சொல்ல வேறு ஆளும் இல்லை. முந்தின நாள் அந்த எஞ்சினைப் பிரித்து மாட்டியவனும் நான்தான்.

வண்டி பாதி என்னுடையது, பாதி என் மனைவியின் தம்பியுடையது. நான் மஸ்கட்டை முடித்துக்கொண்டு வந்த வருடம் அவன் தக்கலையில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். "அத்தான், நீங்க எஞ்சினைப் பாத்துக்கிடுங்க, நான் ஓட்டிக்கிடுகேன். ஒர்க்‌ஷாப் வாசல்ல போய் நிக்க வேண்டிய காரியமே வராது" என்று அவன்தான் ஆரம்பித்தான். ஆட்டோவை விற்றுவிட்டு வந்து நின்றான்.  எனக்கு எஞ்சின் வேலை தெரியாது.

மஸ்கட்டில் பதிமூன்று வருடம் நான் லாரி ஒர்க்‌ஷாப்பில் இருந்தது உண்மை. விசாவில் மெக்கானிக் என்றுதான் போட்டிருந்தது. போய் இறங்கிய இரண்டாம் நாள், இங்கிலீஷ் எழுத்தையும் நம்பரையும் பிழையில்லாமல் வாசிக்கிறவன் என்று கண்டு, ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள். கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்து, மெக்கானிக்குகள் நீட்டும் சீட்டைப் பார்த்து சாமான் எடுத்துக் கொடுப்பது என் வேலை. எந்த வண்டிக்கு எந்த ஃபில்டர், எந்த பேரிங்குக்கு என்ன நம்பர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதை எப்படி மாட்டுகிறார்கள் என்று கம்பிவலை வழியாகப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் இல்லை.

பெண் பார்க்கப் போன இடத்தில் தரகர் "மாப்பிள்ளை கல்ஃப்ல டீசல் மெக்கானிக்" என்றார். பெண் வீட்டார் தலையாட்டினார்கள். ஒர்க்‌ஷாப்பில்தானே இருக்கிறோம், போகட்டும் என்று நானும் திருத்தவில்லை. முதல் நாள் திருத்தாததை மூன்றாம் வருடம் எப்படித் திருத்துவது? லீவில் வரும்போது யாராவது பம்ப்செட் ஓடவில்லை, ஜெனரேட்டர் புகைகிறது என்று வருவார்கள். "ரெண்டு மாசத்துக்கு ஸ்பானரைக் கையால தொடமாட்டேன்னுட்டு வந்திருக்கேன்" என்று சிரித்து மழுப்புவேன். அதையும் என் மனைவி பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

ஊருக்கு வந்த புதிதில் தக்கலையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் ஆள் அனுப்பினார். கவுண்டரில் நிற்க விவரம் தெரிந்த ஆள் வேண்டுமாம். நான் வாய் திறப்பதற்குள் மனைவி சொல்லிவிட்டாள். "எஞ்சினைப் பிரிச்சு மாட்டுன ஆளைக் கொண்டு கடையில சாமான் எடுத்துக் குடுக்கவா நிக்கச் சொல்லுதிய?"

அவள் என்மேல் வைத்திருந்த மதிப்பு அது. வந்தவர் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை வீட்டு வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

முதல் சில மாதங்கள் வண்டி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆயில் மாற்றினேன், பெல்ட் மாற்றினேன், அதெல்லாம் யாரும் செய்யலாம். பிறகு ஏற்றத்தில் இழுவை குறைந்தது. கரும்புகை தள்ளியது. மச்சினன் ஒரு சனிக்கிழமை மாலை, மறுநாள் விட்டுத் திங்கட்கிழமை பத்மநாபபுரம் பக்கம் ஒரு வீட்டு வேலைக்கு இறக்க வேண்டிய கல்லை ஏற்றிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினான். "டியூன் பண்ணாம இது ஓடாது அத்தான். நாளைக்கு ஒர்க்‌ஷாப் லீவு. நீங்க பாக்கியளா, செவ்வாக்கிழமை நான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகவா?" என்று கேட்டான்.

நான் பதில் சொல்லும் முன் அடுக்களையிலிருந்து சத்தம் வந்தது. "வீட்டுல மெக்கானிக்கை வச்சிட்டு ஒர்க்‌ஷாப்புக்கா கொண்டு போவ?"

ஞாயிறு முழுவதும் செய்தேன். அந்த வண்டிக்கு எஞ்சின் கேபினுக்குள்ளேதான் இருக்கிறது. இரண்டு சீட்டுக்கும் நடுவே ஒரு இரும்புப் பெட்டி. அதன் மூடியைத் தூக்கினால் எஞ்சினின் தலை தெரியும். காலையில் கழிவறைக்குள் உட்கார்ந்து ஃபோனில் வீடியோ பார்த்துவிட்டு வந்து வேலையைத் தொடங்கினேன். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டும் புதிது போட்டேன். டீசல் வருகிற வழியில் இருக்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவினேன். கடைசியாக டேப்பெட். வால்வுகளுக்கு மேலே விடவேண்டிய இடைவெளியை மெல்லிய தகடு வைத்து அளந்து சரி செய்கிற வேலை.  மச்சினன் பக்கத்தில் நின்று பயபக்தியோடு டார்ச் அடித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் ஸ்டார்ட் செய்தோம். செல்ஃப் மோட்டார் வெகுநேரம் சுற்றிய பிறகுதான் எஞ்சின் பிடித்தது. பிடித்ததும் கேபின் முழுவதும் ஆட்டம் கண்டது. ஒரு சீராக ஓடாமல், ஓடுவதும் விக்குவதுமாக இருந்தது. பின்னால் வெள்ளைப் புகை. பச்சை டீசல் நாற்றம்.

"மிஸ்ஸிங் அடிக்குதே அத்தான்?"

"புது ஃபில்டர் போட்டா அப்படித்தான். கொஞ்சம் ஓடினா செட் ஆயிரும்."

சொன்னவன் நானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவு நிதானமாக வந்தது குரல். வீடியோவில் சொன்னபடி ஃபில்டர் மேலே இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, டீசலுக்குள் இருந்த காற்றை வெளியேற்றினேன். பத்து நிமிடம் நன்றாக ஓடியது. மச்சினன் முகம் மலர்ந்தது. பதினோராவது நிமிடம் மறுபடியும் விக்க ஆரம்பிப்பதற்குள் நான் அணைத்துவிட்டேன்.

மறுநாள் காலை கல் இறக்க ஆட்களைச் சேர்க்க மச்சினன் பைக்கில் முன்னால் போய்விட்டான். வண்டியை நானே கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தேன். வழியில் யாரும் பக்கத்தில் இல்லாமல் அதன் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏழரை மணிக்கு எடுத்தேன். முடுக்கில் பாதி ஏறும்வரை விக்கிக்கொண்டே வந்தது. அக்காவின் மதில் நடுவில் வந்ததும் இரண்டு முறை குலுங்கியது. அதோடு அணைந்தது.

கைப்பிரேக்கை இழுத்தேன். கியரில் போட்டேன். பின்னால் உருட்டவும் வழியில்லை. முடுக்கு தொடங்கும் இடத்தில் ஒரு வளைவு, வளைவுக்கு அப்பால் சானல், வயலுக்குத் தண்ணீர் போகிற கால்வாய். அவ்வளவு கல்லோடு எஞ்சின் இல்லாமல் அந்த வளைவில் விட்டால் வண்டி தண்ணீரில்தான் போய் நிற்கும். செல்ஃப் அடித்தேன். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி அடித்தேன். கதவைத் திறந்தேன். மதிலில் இடித்து, நான்கு விரல் திறந்து நின்றது. அடுத்த கதவும் அப்படியே. பின்னால் இருக்கும் சின்ன ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது, அதற்குப் பின்னால் ஜன்னல் மட்டம்வரை அடுக்கிய கல். முன்னால் கண்ணாடி வழியாக நாற்பது அடி தள்ளி தார் ரோடு தெரிந்தது. பள்ளிக்கூட வேன் போனது. ஒருவர் பால் கேனோடு போனார். எல்லாரும் போகிற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"என்ன தம்பி, நின்னு போச்சா?"

மேலே பார்த்தேன். அக்கா மதிலுக்கு உள்பக்கம் துணி துவைக்கிற கல்லில் ஏறி நின்று எட்டிப் பார்த்தார்கள். எங்கள் வண்டி இரண்டு தடவை அந்த மதிலை உரசி, இரண்டு தடவையும் நாங்கள் அக்காவிடம் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

"ஒண்ணுமில்ல அக்கா. இப்பம் எடுத்துரும்."

"எங்க சுவரை உரசாம நின்னிருக்கே, அதுவே பெரிய காரியம்." சிரித்துவிட்டு, பிறகு குரலைத் தாழ்த்தினார்கள். "ஒன்பதரைக்குக் காரு வரும் மக்கா. அவருக்கு இன்னைக்கு டயாலிசிஸ் உண்டும். பாத்து எடுத்துரு, என்னா?"

அவர்கள் வீட்டு கேட் என் வண்டிக்குப் பின்னால் இருக்கிறது. அக்காவின் கணவரை வாரம் இரண்டு தடவை நாகர்கோவிலுக்குக் கொண்டு போவார்கள். கார் இந்த முடுக்கு வழியாகத்தான் வரவேண்டும்.

நான் எஞ்சின் பெட்டியின் மூடியைத் தூக்கினேன். சூடு முகத்தில் அடித்தது. எனக்கு ஒரே சந்தேகம்தான், டேப்பெட். நேற்று முழுவதும் அதில்தான் என் பயம் இருந்தது. இடைவெளியைத் தவறாக விட்டிருப்பேன், வால்வு மூடாமல் நிற்கிறது, அதுதான் விக்கல் என்று தீர்மானம் செய்துகொண்டு, சீட்டுக்கு அடியிலிருந்த ஸ்பானர்களை எடுத்தேன். டேப்பெட் மூடியின் போல்ட்டுகள் கையைச் சுட்டன. குனிந்த இடத்தில் முதுகை நிமிர்த்த இடமில்லை. அந்தத் தகட்டை ஒவ்வொரு இடைவெளியிலும் விட்டு இழுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. எல்லாமே சரியாக இருந்தது. வாழ்க்கையில் முதன்முதலாக நான் செய்த டேப்பெட் வேலையில் ஒரு பிழையும் இல்லை. அதைக் கண்டு எனக்கு அழுகைதான் வந்தது. அது தப்பாக இருந்திருந்தால் எனக்கு ஒரு வழி இருந்திருக்கும். இனி எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

டேப்பெட் மூடியைத் திரும்ப மாட்டி, மறுபடி காற்றை வெளியேற்றினேன், மறுபடி செல்ஃப் அடித்தேன். ஒரு நிமிடம் ஓடி அணைந்தது. பேட்டரியின் குரல் தொய்ந்துகொண்டு வந்தது.

என் மனைவி வீட்டிலிருந்து ஓடி வந்து, வண்டிக்குப் பின்னால் நின்று கூப்பிட்டாள். கல்லைத் தாண்டி வார்த்தை விளங்கவில்லை. பிறகு சானல் கரை வழியாகச் சுற்றிக்கொண்டு தார் ரோட்டுப் பக்கமிருந்து வந்து, முன்கண்ணாடிக்கு எதிரே நின்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"என்னவாக்கும்?"

"சின்ன காரியம்தான். பாத்துட்டிருக்கேன்."

"எவ்வளவு நேரமாகும்?"

"ஆகும்."

அவளுக்குச் சந்தேகமே இல்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முடுக்கின் வாயில் கூடிய ரெண்டு மூன்று பேரிடம், "அவருக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்ல, இப்பம் எடுத்துருவாரு" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அவளை அங்கிருந்து போகச் சொல்லவும் முடியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். என் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிவிட்டது. ஒன்றுக்குப் போக வேண்டும்போல இருந்தது, அதற்கும் வழியில்லை. அக்கா ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, கழுத்தில் கயிறு கட்டி மதிலுக்கு மேலிருந்து ஜன்னலுக்கு இறக்கினார்கள். குடிக்கப் பயந்து, வாயை மட்டும் நனைத்தேன்.

ஒன்பதே காலுக்கு மச்சினன் வந்தான். ஒன்பதரைக்குக் கார் வந்து தார் ரோட்டில் நின்றது. டிரைவர் இறங்கி வந்து வண்டியைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், சானல் கரைப் பக்கமாக நடந்தார். பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது. அக்காவின் குரல் இந்தத் தடவை மதிலுக்கு மேலே வரவில்லை. மச்சினனும் டிரைவரும் அக்காவின் கணவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, சானல் கரை வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை, காதில் மட்டும் விழுந்தது. "பைய, பைய, கல்லு கிடக்கு" என்று மச்சினன் சொன்னது. "நான் நடந்திருவேன் மக்கா, நீ விடு" என்று அவர் சொன்னது. கொஞ்ச நேரம் கழித்து முன்கண்ணாடி வழியாக அவர்கள் ரோட்டில் வந்து சேர்வது தெரிந்தது. நாற்காலியை இறக்கி அவரைக் காருக்குள் ஏற்றினார்கள். அவர் ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து எஞ்சினுக்குள் எதையோ தேடுகிறவன் மாதிரி இருந்தேன்.

அந்தக் குனிந்த நிலையில்தான் என் நடிப்பு முடிந்துபோயிற்று. இன்னும் நாலு மணிநேரம் இதே மாதிரி குனிந்து கிடக்கலாம். ஆனால் எனக்குத் தெரியாது என்பது நாலு மணிநேரம் கழித்தும் அங்கேயேதான் இருக்கும்.

மச்சினன் பின்பக்கம் கல் மேல் ஏறி வந்து, ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்தான். "அத்தான், என்ன சாமான் வேணும்ன்னு சொல்லுங்க. தக்கலைக்குப் போய் வாங்கிட்டு வாறேன்."

"சாமான் இல்ல மாப்ளே. ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வா."

அவனுக்குப் புரியவில்லை. "எதுக்கு? கைக்குத் துணைக்கா?"

"கூட்டிட்டு வா" என்றேன்.

அவன் ஃபோன் செய்தான். அரைமணி நேரத்தில் தக்கலையிலிருந்து பைக்கில் ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். கல் மேல் ஏறி, கம்பி ஜன்னலுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, கடைத்தெருவில் சந்தித்தவர் மாதிரி விசாரித்தார்.

"என்னெல்லாம் செய்திய அண்ணாச்சி?"

சொன்னேன்.

"காத்து எடுத்துவிட்டா எவ்வளவு நேரம் ஓடுது?"

"நேத்து பத்து நிமிஷம். இப்பம் ஒரு நிமிஷம்."

"அப்பம் காத்து உள்ள இருந்தது இல்ல. புதுசு புதுசா இழுக்குது. கை பம்பை அடியுங்க, ஸ்க்ரூவைத் தொறந்து வச்சிட்டு. நுரை வருதா?"

அடித்தேன். ஸ்க்ரூவின் ஓரத்தில் டீசல் நுரைத்து வந்தது. ஐம்பது தடவை அடித்தும் நுரை நிற்கவில்லை.

"நிக்காது. டேங்குல இருந்து பம்புக்கு வாற வழியிலதான் எங்கயோ காத்து ஏறுது. அங்கண எதையாவது கழத்தினியளா?"

"சல்லடையைக் கழுவினேன்."

"அதுக்கு ஒரு போல்ட் உண்டும்லா. அதுல ரெண்டு செம்பு வாஷர் வரும். குழாய்க்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. ரெண்டும் புதுசு போட்டியளா?"

அப்போதுதான் நினைவு வந்தது. புது வாஷர் ஒன்று நேற்று மதியம் என் விரலிலிருந்து நழுவி முற்றத்து மணலில் விழுந்தது. பழையதை ஏற்கெனவே தூக்கி எறிந்திருந்தேன். மச்சினன் டார்ச்சோடு நிற்கும்போது மணலில் குந்தித் தேட வெட்கமாக இருந்தது. ஒன்றோடு இறுக்கிவிட்டேன். அதற்குப் பிறகு டேப்பெட் பயத்தில் அது அடியோடு மறந்துபோயிருந்தது. மஸ்கட்டில் அந்த வாஷர்களை ஆயிரக்கணக்கில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மெக்கானிக்குகள் எப்போதும் ஜோடியாகத்தான் கேட்பார்கள். ஏன் ஜோடியாகக் கேட்கிறார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

"ஒண்ணுதான் போட்டேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். "கல்ஃப்ல மெக்கானிக்கா இருந்தியன்னு தம்பி சொன்னாரே?"

வண்டியின் இரண்டு ஜன்னலும் திறந்திருந்தன. முன்னால் என் மனைவி நின்றாள். பின்னால் மச்சினன். மதிலுக்கு அந்தப் பக்கம் அக்கா இருந்தார்களா என்று தெரியாது.

"மெக்கானிக் இல்ல. ஸ்டோர்ல இருந்தேன். சாமான் எடுத்துக் குடுக்கிற வேலை. பதிமூணு வருஷமும் அதுதான்."

குரல் எனக்கு வேண்டியதைவிடச் சத்தமாக வந்துவிட்டது. முடுக்கில் சொன்னால் சுவரில் பட்டுப் பெருகும்.  நான் முன்கண்ணாடியைப் பார்த்தேன். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. வண்டியின் நம்பர் பலகையையோ பம்பரையோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி" என்றார் மெக்கானிக். "அப்பம் உங்களுக்கு வாஷர் பாத்தா சைஸ் தெரியும்." பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினார். சரியான இரண்டைப் பொறுக்கி எடுத்தேன். மூடிக்கு உள்ளே இடது கையைத் தோள்வரை விட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அவர் சொல்லச் சொல்ல விரலால் தடவிக் கண்டுபிடித்துப் போல்ட்டைக் கழற்றினேன். டீசல் முழங்கை வழியாக ஒழுகியது. ஒரு வாஷர், குழாய், இன்னொரு வாஷர், போல்ட். இரண்டு தடவை தவறி, இரண்டு தடவையும் என் உள்ளங்கையிலேயே விழுந்தது. மூன்றாம் தடவை பிடித்தது.

"இனி செல்ஃப் அடிக்காதீங்க. பேட்டரியில ஒரு தடவைக்குத்தான் உசிரு இருக்கு. நுரை நிக்கட்டும் முதல்ல."

கை பம்பை அடித்தேன். நுரை வந்தது, குறைந்தது, பிறகு ஒரு குமிழிகூட இல்லாமல் டீசல் தெளிவாக வழிந்தது. ஸ்க்ரூவை இறுக்கினேன்.  கடைசியில், "இப்பம் அடியுங்க. விடாம அடியுங்க" என்றார்.

செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றியது. நின்றுவிடப் போகிறது என்று நினைத்த இடத்தில் ஒரு சிலிண்டர் பிடித்தது. பிறகு இன்னொன்று. கேபின் முழுவதும் உலுக்கியது. "ஆக்சிலேட்டரை விடாதீங்க, விடாதீங்க" என்று அவர் கத்தினார். உலுக்கல் மெல்ல மெல்லச் சீரானது. டேப்பெட் சத்தம்கூட இல்லாமல், புது வண்டி மாதிரி ஓடியது. மெக்கானிக் கம்பியைத் தட்டி, "டேப்பெட் யாரு பாத்தா? கொள்ளாம், நல்லா வச்சிருக்கு கேட்டியளா" என்றார். 

முதல் கியரில் எடுத்தேன். முன்னால் நின்றவர்கள் விலகினார்கள். நாற்பது அடி. தார் ரோட்டில் ஓரமாக நிறுத்திக் கதவைத் திறந்தேன். முழுவதும் திறந்தது. இறங்கினேன். சுற்றிப் பார்த்தேன். என் மனைவி அங்கே இல்லை. சானல் கரையில் வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

மச்சினன் வந்து ஸ்டீயரிங்கில் ஏறினான். "கல்லு எறக்க ஆளு காத்து நிக்கு" என்று மட்டும் சொன்னான். அத்தான் என்று சொல்லவில்லை. நான் கூட ஏறவா என்று கேட்பதற்குள் வண்டி போய்விட்டது. மெக்கானிக் பைக்கை உதைத்துக்கொண்டே, "ஸ்டோர் வேலையும் வேலைதானே அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் அன்று சாப்பாடு எடுத்து வைத்தாள், எதிரே உட்காரவில்லை. மூன்றாம் நாள்தான் பேச்சு வந்தது. பொய் சொன்னதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"அந்தக் கடைக்காரரு ஆளு வந்தப்பம் நான் அந்த மாதிரி பேசினேன்லா. அப்பமாவது என்னைத் தடுத்திருக்கலாம்லா? எடுத்துக் குடுக்கிற வேலையான்னு கேட்டேனே. உங்க முன்னால இருந்து உங்களையே கேவலமா பேச விட்டுட்டு, டீ குடிச்சிட்டு இருந்தியளே."

 

அக்காவின் கணவரைப் பார்க்க அந்த வாரமே போனேன். படுத்திருந்தார். "அரைமணிக்கூர் லேட், அவ்வளவுதான். உம்ம மச்சினன் கையில நாற்காலி ஆடவே இல்ல" என்றார். அக்கா மட்டும் வாசல்வரை வந்து, "வழி அடைஞ்சு போச்சுன்னா எங்களுக்கு வேற வழி இல்ல தம்பி. அத மட்டும் ஓர்மையில வச்சுக்கிடு" என்றார்கள். மறுவாரமே வண்டியை ரோட்டோரம் ஒரு காலி மனையில் நிறுத்த ஏற்பாடு செய்தோம். இப்போது அது முடுக்குக்குள் வருவதில்லை. எஞ்சின் வேலைக்கு அதே மெக்கானிக்கிடம் போகிறது. மச்சினன் மூன்று மாதம் என்னிடம் வேலைப் பேச்சு மட்டும் பேசினான். பிறகு ஒரு நாள் ஏதோ அவசரத்தில் வாய் தவறி அத்தான் என்று கூப்பிட்டுவிட்டான். அதோடு பழையபடி ஆனது, ஏறக்குறைய.

நான் நினைத்தது, சொல்லிவிட்டால் அன்றோடு தீர்ந்தது என்று. ஊர் அப்படி விடவில்லை. முடுக்கில் நின்ற நாலைந்து பேருக்குத்தான் நான் சொன்னது தெரியும். மற்றவர்களுக்கு நான் இன்றும் கல்ஃபில் பெரிய மெக்கானிக். தெரியாது என்று சொன்னால், தன்னடக்கம் என்று சிரிக்கிறார்கள். போன மழைக்காலத்தில் ஒருவர் புகைகிற பம்ப்செட்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் முற்றத்திலேயே இறக்கிவிட்டார். எனக்கு இந்த வேலை தெரியாது என்று இரண்டு தடவை சொன்னேன்.

"அண்ணாச்சி சும்மா சொல்லுவாரு. நீங்க ஒரு தடவை தொட்டாப் போதும்" என்றார் அவர்.

நான் மூன்றாவது தடவை சொல்ல வாயெடுத்தபோது, என் மனைவி உள்ளேயிருந்து வாசலுக்கு வந்தாள். "அவருக்கு நெசமாவே தெரியாது அண்ணே. தக்கலையில ஒரு ஆளு உண்டு, நம்பர் தாறேன், அங்க கொண்டு போங்க" என்றாள். கோபத்தில் சொன்னாளா, என்னை விடுவிக்கச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்து எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் ஃபோனில் குறித்துக்கொண்டிருந்தார்.